முழங்காலும் நான்காம் வேற்றுமையும்

மலையாளம் தெரியுமா என்று கேட்டால், "அது நம்ம தமிழ்தானே, கொஞ்சம் மூக்கால பேசினா ஆச்சு" என்று சொல்லும் ஆசாமிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சங்கம் வைத்துத் தலைவர் தேடினால் என் பெயரை முன்மொழியுங்கள். மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த புதிதில் அந்தப் பதவிக்கு வேண்டிய சகலமும் என்னிடம் இருந்தது, மலையாளத்தைத் தவிர.

என்னிடம் ஒரு ஃபார்முலா இருந்தது. தமிழ்ச் சொல்லின் கடைசி 'ஐ'யை 'அ' ஆக்கு, மலையாளம் ரெடி. தலை, தல. மலை, மல. கடை, கட. வாழை, வாழ. ஃபார்முலா பொய்யில்லை, மொழியியல்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள். அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

மட்டாஞ்சேரி மாதிரி ஊரில் இப்படி இருக்கக் கூச்சப்பட வேண்டும். செரளாயிப் பக்கம் கொங்கணி, குஜராத்தி ரோட்டில் குஜராத்தியும் கச்சியும், இன்னொரு தெருவில் தக்னி. அந்தப் பக்கம் வேளி தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள். நடந்துபோகும் தூரத்துக்குள் ஒரே முழங்காலுக்கு நாலைந்து பெயர் கிடைக்கும். வீட்டில் எதைப் பேசினாலும் தெருவில் எல்லோரும் சரளமாக மலையாளம் பேசுவார்கள். நான் சரளமாக ஃபார்முலா பேசுவேன்.

குடியிருப்பது ஒரு பழைய பாண்டிகசாலையின் மாடி. பாண்டிகசாலை என்றால் கிடங்கு. மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாகக் கிடந்த இடம். மரப்படி ஏணிபோல நிற்கும். மழைக்காலத்தில் அந்தப் படியில் 'சாண் ஏறினால் முழம் சறுக்கும்' என்பது பழமொழி அல்ல, அன்றைய நிலவரம். சறுக்கினேன். வலது முட்டி அப்பளமாய் உப்பியது. சாணும் முழமும் உடம்பிலிருந்து வந்த அளவுகள்தான், அவற்றை உடம்பாலேயே சரிபார்த்துவிட்டேன்.

கீழ்வீட்டுச் சேச்சி சத்தம் கேட்டு ஓடிவந்தார். "எந்து பற்றி?" என்றார். ஃபார்முலாவை எடுத்தேன். 'இ'க்கும் 'ஐ'க்கும் அப்படியென்ன பெரிய வித்தியாசம்? முட்டி, முட்ட. அதோடு நம் 'க்கு'. "சேச்சி, என்டெ முட்டய்க்கு வேதன" என்றேன் கம்பீரமாக.

சேச்சி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு என் கையில் பை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். "எந்த முட்ட? கோழியோ, தாராவோ?" என்றார்.

மலையாளத்தில் முட்ட என்றால் நம் முட்டையேதான். தாராவு என்றால் வாத்து. முழங்காலுக்கு அங்கே முட்டு என்று பெயர். நான் சொன்னது, என் முட்டைக்கு வலிக்கிறது. ஃபார்முலா அன்று மிகத் துல்லியமாக வேலை செய்திருந்தது, எனக்கு எதிராக.

விஷயம் புரிந்ததும் சேச்சி முறிவெண்ணெய் எடுத்துவந்து, பாடமும் நடத்தினார். "முட்டு. காலின்டெ முட்டு. முட்டினு வேதன." முட்டுக்கு என்றால் என்ன கெட்டுவிட்டது? இங்கேதான் நான்காம் வேற்றுமை வந்து வழியை மறித்தது.

தமிழில் நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'கு'. தலைக்கு, காலுக்கு, கண்ணுக்கு, மாமியாருக்கு. மலையாளம் உடம்பை இரண்டு கட்சியாகப் பிரித்துவைத்திருக்கிறது. தலய்க்கு, செவிக்கு என்று 'அ', 'இ'யில் முடிகிற உறுப்புகள் 'க்கு' கட்சி. காலினு, கண்ணினு, மூக்கினு, பல்லினு என்று மற்றவை 'இனு' கட்சி. நான் கட்சி மாறி மாறி ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைவலி என்றால் மரியாதையாகப் புரிந்துகொள்வார்கள். மூக்குக்குக் கீழே இறங்கினால் சிரிப்பார்கள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் அந்த 'இன்' நம் வீட்டுப் பிள்ளைதான். 'கண்ணிற்கு', 'காலிற்கு' என்று மேடையில் முழங்கும்போது நடுவில் வந்து உட்காருகிறதே, அதே இன் சாரியை. தொல்காப்பியத்தில் இடம்பிடித்த ஆசாமி. நாம் அதைக் கல்யாணப் பத்திரிகைக்கும் அரசாணைக்கும் ஒதுக்கிவிட்டோம். இங்கே டீக்கடையில் பல்வலிக்காரர் அன்றாடம் அதைப் பயன்படுத்துகிறார். பள்ளியில் சாரியைக்கு ஐந்து மதிப்பெண்ணை விட்டவன் பல்வலிக்காரரைத் திருத்தப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முறிவெண்ணெய்க்கு வீக்கம் மசியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். முட்டை விபத்து மறுபடி நடக்கக்கூடாது என்று இந்த முறை பேச்சுத்தமிழை விட்டு, பத்திரிகைகளின் மருத்துவப் பக்கத்தில் வரும் கண்ணியமான சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். மூட்டு.

"எவிடெயா வேதன?" என்றார் டாக்டர்.

"மூட்டில்" என்றேன்.

"மூட்டிலோ?"

"ஆமா டாக்டர், மூட்டில். உட்கார்ந்து எழுந்தா உயிர் போகுது."

அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எரிச்சல் இருக்கிறதா, ரத்தம் வருகிறதா என்றெல்லாம் கேட்டார். வழுக்கி விழுந்தவனிடம் ரத்தம் வந்ததா என்று கேட்பது நியாயம்தானே. லேசாக வந்தது என்றேன். வெந்நீரில் உட்காரச் சொன்னார். ஒரு முட்டிக்காக ஆள் முழுக்க உட்கார வேண்டுமா என்று தோன்றியது. டாக்டருக்குத் தெரியாததா!

அடுத்து, "வலியுண்டோ?" என்றார்.

"அதுக்குத்தானே வந்திருக்கேன்! ராத்திரி பகல் எந்நேரமும்."

"குறய்க்கணும்."

"குறைச்சுக் குடுங்க டாக்டர்."

"அது நிங்ஙள் தன்னே விசாரிக்கணும்."

விசாரிக்கணும் என்றாரா, வெளியே வந்து விசாரணை கவுன்டருக்குப் போனேன். வலியைக் குறைப்பது பற்றி எங்கே விசாரிக்க வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த பெண் சுவரில் ஒட்டியிருந்த 'புகவலி பாடில்ல' போர்டைக் காட்டினார். மலையாளத்தில் வலி என்றால் புகைப்பது. விசாரிப்பது என்றால் மனதில் நினைப்பது. நான் ராப்பகலாகப் புகைக்கிறேன் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். நீயேதான் மனசு வைக்க வேண்டும் என்று அவர் புத்தி சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் ஒரு பீடி இழுத்ததில்லை. கேஸ் ஷீட்டில் நான் செயின் ஸ்மோக்கர்.

இதற்கு நடுவே டாக்டர் ஒரு தரம் பரிசோதிக்கத் திரையை இழுத்தார். முழங்காலுக்கு எதற்குத் திரை? பண்பான இடம் என்று நினைத்து, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்றேன். அவர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது.

சீட்டில் இசப்கோல் எழுதியிருந்தது. நார்ச்சத்து நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். பப்பாளியும் இசப்கோலுமாகக் கொஞ்ச காலம் ஓடியது. முட்டியில் எந்த முன்னேற்றமும் இல்லை. மற்றபடி சௌகரியமாக இருந்தது.

சீட்டை வாங்கிப் படித்த சேச்சி படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். மலையாளத்தில் மூடு என்றால் அடிப்பாகம். மரத்துக்கும் உண்டு, பாத்திரத்துக்கும் உண்டு, மனிதனுக்கும் உண்டு. மனிதனுக்கு எங்கே உண்டு என்று உங்களுக்கே தெரியும். வீடு என்பது 'இல்' சேரும்போது வீட்டில் ஆகிறதல்லவா? அதே விதிப்படி மூடு மூட்டில் ஆகும். நம் மூட்டும் 'இல்' சேர்ந்தால் மூட்டில்தான். இரண்டு மொழியிலும் இலக்கணம் சுத்தமாக இருந்தது. மூலத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டது மட்டும் நான்.

இத்தனைக்கும் முழங்கால் என்ற சொல் மலையாளத்திலும் இருக்கிறது. அப்படியே சொல்லியிருந்தால் சேச்சிக்கும் புரிந்திருக்கும், டாக்டருக்கும் புரிந்திருக்கும். தமிழையே பேசியிருந்தால் மலையாளம் வந்திருக்கும்.

அடிபட்ட மனிதன் என்ன செய்வான்? 'முப்பது நாளில் மலையாளம்' வாங்குவான். நான் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியைத் திறந்தேன். ஆக்ஸ்போர்டின் பரோவும் கலிஃபோர்னியாவின் எமனோவும் சேர்ந்து 1961-இல் வெளியிட்டது. 1984-இல் திருத்திய பதிப்பு வந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். எமனோ என்ற பெயரைப் பார்த்ததும், இது முழங்காலோடு நிற்காது போலிருக்கிறதே என்று கொஞ்சம் பயந்தேன்.

முழங்கால் அங்கே குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது. கன்னடத்தில் மொணகாலு, முழங்கைக்கு மொணகை. தெலுங்கில் மோகாலு, மோசேயி. பூ அளக்கிற முழமும் இதே குடும்பம்தான், முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அறிஞர்கள், மூட்டு அல்லது கணு என்ற பொருளில் *மொழ் போன்ற ஒரு வேர் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். காலின் மூட்டு முழங்கால், கையின் மூட்டு முழங்கை. தமிழும் மலையாளமும் அந்த ழகரத்தைக் காப்பாற்றிவைத்திருக்கின்றன. தெலுங்கு முழுங்கிவிட்டு 'மோ' என்று வாயைத் திறந்தபடி நிற்கிறது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அதைக் காப்பாற்றிய லட்சணம் தனி. 'மொளங்காலு' என்போம். எழுத்தில் 'மு', வாயில் 'மொ'. இதற்காகத் தமிழய்யாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். கன்னடத்திலும் 'மொ'தான் என்ற சாட்சியம் அப்போது கையில் இல்லை. இருந்திருந்தால் கன்னடத்துக்குச் சேர்த்து இன்னொரு அடி விழுந்திருக்கும்.

வேருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக்குறி போட்டிருக்கிறேனே, அதைக் கவனியுங்கள். இந்தச் சொல்லை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை, பேத்திகளின் முகத்தை வைத்துப் பாட்டியை ஊகித்திருக்கிறோம் என்பதற்கு அடையாளம் அது. இந்த வழக்கத்தைப் பரப்பியவர் ஷ்லைகர் என்ற ஜெர்மானியர். 1868-இல் அவர் ஒரு படி மேலே போய், இப்படி ஊகித்த ஆதி இந்தோ ஐரோப்பிய மொழியில் ஆடும் குதிரைகளும் பேசிக்கொள்வதாக ஒரு குட்டிக்கதையே எழுதினார். பின்னால் வந்த அறிஞர்கள் அந்தக் கதையைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஆடு மறுப்புத் தெரிவிக்கவில்லை.

இதுதான் என்னைக் கவர்ந்தது. தாய்மொழியாகப் பேச ஆளே இல்லாத ஒரு மொழி. யாரும் சிரிக்க மாட்டார்கள். கோழியா, தாராவா என்று கேட்க மாட்டார்கள். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து உடம்பு முழுவதையும் கரைத்துக் குடித்தேன். கண் ஆச்சரியமான உறுப்பு. பலூச்சிஸ்தானத்துப் பிராகுயி வரை ஏறக்குறையக் கண்ணாகவே போயிருக்கிறது. காது அப்படியில்லை. கன்னடத்தில் கிவி, துளுவில் கெபி. பழைய ககரத்தைத் தமிழும் மலையாளமும் சகரமாக்கிச் செவி என்றன. தெலுங்கு கையைக்கூட விடாமல் சேயி ஆக்கிவிட்டது. நமக்குச் செவி செய்யுளில் வரும் சொல். மட்டாஞ்சேரி ஆட்டோக்காரர் ஹார்ன் சத்தத்தில் "செவி கேள்க்கில்லே?" என்று என்னைத் திட்டியபோது ஒரு நிமிஷம் புலவர் என்று நினைத்து நின்றுவிட்டேன். இரண்டாவது ஹார்னில் நகர்ந்தேன்.

அரைகுறை அறிவு ஏறினால் அடுத்தது கண்டுபிடிப்புதான். கிரேக்கத்தில் முழங்காலுக்கு கோனு என்று பெயர். தமிழில் கணு! மூங்கில் கணு, கரும்புக் கணு, கணுக்கால்! உடம்பெல்லாம் புல்லரித்து, 'கிரேக்க முழங்கால் தமிழ் முழங்காலே' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாலு பத்தி போட்டேன். அதற்குக் கீழே பெரியப்பா ஒரு ரோஜாப்பூ 'குட் மார்னிங்' போட்டார். விவாதம் அத்தோடு முடிந்தது.

பிறகுதான் படித்தேன். கிரேக்க கோனுவுக்குச் சொந்தக்காரர்கள் வேறு. லத்தீன் கெனு, சமஸ்கிருத ஜானு, ஆங்கில 'நீ'. அந்த 'நீ'க்கு முன்னால் சும்மா நிற்கும் 'கே'யை ஒரு காலத்தில் வாய் திறந்து உச்சரித்திருக்கிறார்கள். கிரேக்கம் 'க' என்ற இடத்தில் சமஸ்கிருதம் 'ஜ' என்னும், ஆங்கிலம் 'கே' போடும், இது ஒரு சொல்லில் அல்ல, வரிசையாகப் பல சொற்களில் நடக்கும். அந்த ஒழுங்குதான் உறவுக்குச் சாட்சி. ஒலி ஒத்துப்போவது சாட்சியே அல்ல. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் அதில் முழங்காலையே எடுத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். மொட்டைத் தலையும் வீட்டிலேயே இருக்கிறது.

ஸ்லாவியர்கள் இன்னும் விசேஷம். ஜானு, கெனு ஜாதியையே ஒதுக்கிவிட்டு *கொலேனோ என்று தனியாக ஒரு சொல் வைத்துக்கொண்டார்கள், ரஷ்யனில் இன்று கலேனா. அதற்குப் பன்மை மூன்று. உடம்பில் இருக்கும் முழங்கால் என்றால் ஒன்று, குழாயின் வளைவு என்றால் இன்னொன்று, வம்சம் என்றால் மூன்றாவது. ஆமாம், முழங்காலுக்கு அங்கே தலைமுறை, குலம் என்றும் பொருள். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்கள் ரஷ்ய வேதாகமத்தில் பன்னிரண்டு முழங்கால்கள். 1568-இல் கட்டிய பரதேசி சினகாக் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஜூ டவுனில் புராதனப் பொருள் விற்கும் கடைக்காரரைப் பிடித்து இந்தப் பன்னிரண்டு முழங்கால் சங்கதியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், பித்தளை விளக்கு ஒன்றுக்குத் தள்ளுபடி சொன்னார்.

ஆதி ஸ்லாவியத்தில் ஒருமை, பன்மைக்கு நடுவே இருமை என்றும் ஒன்று உண்டு. இரண்டாக வரும் எதற்கும் பொருந்தும், கண், கை, முழங்கால் போன்ற ஜோடிகளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. எனக்கு வலி ஒரு முட்டியில் மட்டும் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

ஊரிலிருந்து உறவினர் ஒருவர் வந்தபோது மட்டாஞ்சேரி அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்து, பின்னால் டச்சுக்காரர் செப்பனிட்டது. ராமாயணச் சுவரோவியத்துக்கு முன்னால் அவர் கேட்டார்: "ராமரை ஆஜானுபாகுன்னு சொல்றாங்களே, அப்படின்னா?" நல்ல தாட்டியான ஆள் என்று அர்த்தம் என்றேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு அப்படிச் சொன்னேன். ஆ, ஜானு, பாகு. ஜானுவரை நீண்ட கை. ராத்திரி பகலாகத் தேடிப்படித்த அதே ஜானு, நாம் தினம் சொல்லும் வார்த்தைக்குள் மடங்கி உட்கார்ந்திருக்கிறது. வீடு திரும்பிப் படியேறும்போதுதான் உறைத்தது. அவர் அதற்குள் ரயில் ஏறிவிட்டார்.

என்னைப் போன்றவர்களுக்கு எரிச்சல் மூட்டவே சிலர் பிறந்திருக்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்து தலச்சேரியில் குடியிருந்த குண்டர்ட் 1872-இல் மலையாளத்துக்கு அகராதியே போட்டுவிட்டார். எங்கள் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இலேயே திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினார். நான் ஒரு மலைத்தொடரைத் தாண்டி வந்து வாத்து முட்டை கேட்டிருக்கிறேன்.

அகராதியில் இன்னொரு குத்தலும் இருந்தது. மொழி என்ற சொல்லுக்கே தமிழில் மூட்டு, கணு என்ற பொருள் உண்டு. எங்கள் ஊரில் கைமொளி என்று சொல்வது அதைத்தான். ஆக வழுக்கி விழுந்ததில் பிசகியது ஒரு மொழி, அதைச் சொல்லப்போய்ப் பிசகியது இன்னொரு மொழி. இந்தச் சிலேடையைச் சேச்சியிடம் மலையாளத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர் மறுபடி முறிவெண்ணெய் எடுத்துவந்தார்.

கடைசியில் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போக முடிவெடுத்தேன். இந்த முறை முழுத் தயாரிப்பு. காகிதத்தில் எழுதி, சேச்சியிடம் திருத்தம் வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். 'என்டெ வலத்தெ காலின்டெ முட்டினு வேதனயாணு.' நான்காம் வேற்றுமை சுத்தம், சாரியை சுத்தம். வலி என்ற சொல் மருந்துக்கும் இல்லை. 'வலியுண்டோ' என்று கேட்டால் 'இல்ல' என்று சொல்லவும் பழகிக்கொண்டேன்.

ஓ.பி. சீட்டு எழுதும் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் நொண்டி நொண்டி வந்ததை ஓரக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும். வாயைத் திறந்து 'என்டெ' என்பதற்குள் முடித்துவிட்டார்.

"நீ பெயின் அல்லே?"

அவ்வளவுதான். செரளாயிக்காரரும் குஜராத்தி சேட்டும் கீழ்வீட்டுச் சேச்சியும் இப்போது ஆஸ்பத்திரியில் சொல்வது அதைத்தானாம். கொங்கணியும் வேண்டாம், குஜராத்தியும் வேண்டாம், சாரியையும் வேண்டாம். முதல்முறை பார்க்கிற பெண் என்னை ஒருமையில் 'நீ' என்கிறாளே என்று சுருக்கென்றது. மேலே ஒரு வார்த்தை சொன்னால் பழைய மூட்டு மாதிரி ஆகிவிடுமோ என்ற பயத்தில் தலையை மட்டும் ஆட்டினேன். டோக்கன் கொடுத்து, எக்ஸ்ரே மாடியில் என்றார். லிஃப்ட் ரிப்பேர்.